மூட வேண்டாம்

இரவுப் பணிக்கு வந்தபோது என்னிடம் ஒப்படைத்தவை
ஒரு நாற்காலி, ஒரு ஹெட்செட்,
மூவாயிரத்துச் சொச்சம் வரிசைகள் உள்ள ஒரு பட்டியல்.
எண், நெறிமுறை, எதற்காக, யார் கேட்டார்கள், குறிப்பு.
ஐந்து பத்திகளில் கடைசிதான் அகலம்.

அம்பத்தூர் எஸ்டேட், மூன்றாவது மாடி.
ஏசிக் குளிருக்குத் துப்பட்டாவைத் தலையோடு சுற்றிக்கொண்டு
திருத்துகிறேன்.
இருபத்து மூன்றை யாருக்கும் திறக்கக் கூடாது,
கடவுச்சொல்லை நடுத்தெருவில் நின்று கத்தும்.
இருபத்திரண்டு அதையே காதோடு சொல்லும்.
எண்பதில் வந்து தட்டுகிறவர்களை
நானூற்று நாற்பத்து மூன்றுக்குப் போகச் சொல்ல வேண்டும்,
கேட் மாறிப்போச்சு சார் என்று வாட்ச்மேன் கை காட்டுவது போல.
ஏழு, சொன்னதையே திருப்பிச் சொல்லும்.
ஒன்பது, என்ன சொன்னாலும் விழுங்கும், பதில் கிடையாது.
மேலாளருக்கு ஒன்பது என்று பெயர் வைத்தது
நான் இல்லை, டெல்ஃபின்.

போர்ட்டை முதலில் துறை என்றுதான் எழுதினேன்.
ஆடிட்டர் ஃபோன் செய்து
எந்தத் துறை மேடம், பொதுப்பணியா என்றார்.
திரும்பப் போர்ட் ஆக்கினேன்.

டி.சி.பி. என்றால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால்.
யு.டி.பி. என்றால் ஓடுகிற பஸ்ஸிலிருந்து
ஸ்டாப்பில் நிற்கிறவனுக்குச் சத்தம் போடுவது.
கேட்டிருந்தால் கேட்டிருக்கும்.

வில்லிவாக்கத்தில் என் வீட்டுக்குப்
பழைய எண் 31, புதிய எண் 14.
எட்டு வீடு தள்ளி ஒருவருக்குப் புதிய எண் 31.
என் பார்சலுக்கெல்லாம் அவர்தான் கையெழுத்துப் போடுகிறார்.
எண்ணுக்கும் ஆளுக்கும் என்ன உறவென்று
எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

வரிசை 2906.
எண்: 47218. நெறிமுறை: யு.டி.பி.
எதற்காக: காலி.
யார் கேட்டார்கள்: காலி.
குறிப்பு: மூட வேண்டாம். ப.கோ.

ப.கோ. யாரென்று விசாரித்தேன்.
வேலையை விட்டு ஆறு வருஷமாம்.
மஸ்கட் என்றார்கள். முகப்பேர் என்றார்கள்.

தணிக்கை வருகிறது,
காரணம் சொல்ல முடியாததையெல்லாம் மூடு என்றது ஒன்பது.
செவ்வாய் விடிந்தால் புதன், மணி இரண்டு பத்து,
மூடினேன்.
ஒரு சத்தமும் இல்லை.
யு.டி.பி. அப்படித்தான்,
போய்ச் சேரவில்லை என்பது
அனுப்புகிறவனுக்கே தெரியாது.

ஐந்தே முக்காலுக்கு ஃபோன்.
காசிமேடு, ஐஸ் ஃபேக்டரி.
பின்னணியில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே இருக்கிறது.
"மேடம், குளிர் காட்டற பொட்டி
ராத்திரிலேர்ந்து ஒரே நம்பர்ல நிக்குது.
மைனஸ் ஒம்போது.
அத நம்பி நானும் வுட்டுட்டேன்.
உள்ள போயி பாத்தா முட்டிக்கால் தண்ணி."

உறைந்தது எண் மட்டும்தான்.

எத்தனை மணியோடு நிற்கிறது என்று கேட்டேன்,
தெரிந்துகொண்டே.
"ரெண்டு பத்து."

கை நடுங்கி முதலில் 47128ஐத் திறந்துவிட்டேன்.
மூடினேன். சரியானதைத் திறந்தேன்.
"ஆங், ஓடுது மேடம். ப்ளஸ் நாலு."
எவ்வளவு போயிற்று?
"நாப்பது பாரு. போட்டு காத்துனு இருக்கு."
உங்க பேர்?
"எதுக்கு, கம்ப்ளைண்ட்டா?"
இல்லை. பட்டியலுக்கு.

ஷிஃப்ட் முடியும் முன் நிரப்பினேன்.
எதற்காக: ஐஸ் எவ்வளவு குளிராக இருக்கிறது என்று சொல்ல.
யார் கேட்டார்கள்: ஆரோக்கியநாதன், காசிமேடு.
அவர் கேட்கவில்லைதான். அவருக்கு இப்படி ஒன்று இருப்பதே
இன்று காலைதான் தெரியும்.
குறிப்பில் ப.கோ. எழுதியதை அழிக்கவில்லை.
அதன் கீழே
மூடிய நேரம், திறந்த நேரம்,
நாற்பது பார்,
என் இனிஷியல்.

டெல்ஃபின் டீ வாங்கி வந்து வைத்திருந்தாள், ஆடை படிந்துவிட்டது.
அடுத்த வரிசைக்கு இறங்கினேன்.

2907.
எதற்காக: காலி.
யார் கேட்டார்கள்: காலி.
குறிப்பு: மூட வேண்டாம் என்று நினைக்கிறேன். ப.கோ.